கோடை கழிந்தபின் குடித்தனம்

சித்திரை பிறந்தது முதல் வைகாசி முடியும் வரையில், நம் வீடுகளில் அன்றாட வாழ்க்கை என்பது ஒத்திவைக்கப்பட்ட ஒரு காரியமாகவே இருந்துவிடுகிறது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, பேரன் பேத்திகள் வந்து இறங்கி, அவர்களைத் தொடர்ந்து அவர்களைப் பெற்றவர்களும் வந்து சேர்ந்து, முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கி, மொட்டை மாடியில் ஒரு பக்கம் வடாமும் மறுபக்கம் மோர் மிளகாயும் காய, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சொந்த ஊருக்கு ஒரு பிரயாணமும், குழந்தைகளின் பொருட்டுக் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ மற்றொரு பிரயாணமும் அமைந்துவிடும்போது, "எல்லாம் லீவு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரே வாக்கியத்தின் மேல் வீட்டுக் காரியங்கள் எத்தனையோ ஏற்றி வைக்கப்படுகின்றன. கடைசி விருந்தாளியையும் ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பும் அன்று, அவை அத்தனையும் ஏககாலத்தில் எதிரே வந்து நிற்கின்றன. அப்போது மனத்தில் எழும் மலைப்பைச் சோம்பல் என்று எண்ணித் தம்மையே நொந்துகொள்பவர்கள் அநேகர். அதில் சோம்பல் எதுவும் இல்லை. எதை முதலில் எடுப்பது என்ற தெளிவு பிறவாமையே அந்த மலைப்புக்குக் காரணம். அத்தெளிவுக்கு உதவுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

கோடை எப்போது முடிகிறது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்வது நலம். அக்கினி நட்சத்திரம் மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் நிவர்த்தியாவதாகப் பஞ்சாங்கம் சொன்னாலும், சென்னை முதலான கீழைக் கரையூர்களில் ஜூன் மாதத்திலும் வெயிலின் உக்கிரம் குறைவதில்லை. அதே மாதத்தில் தென்காசிப் பக்கத்தாருக்குக் குற்றாலத்துச் சாரல் தொடங்கிவிடுகிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து உழவர்களுக்கோ, குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதியே பருவத்தின் வாசல். குடித்தனம் நடத்துகிறவர்களின் கணக்கு இவற்றினின்றும் வேறுபட்டது. பள்ளி திறக்கும் நாளே அவர்களுக்குக் கோடை முடிந்த நாள். அன்று முதல் ஆடிப் பதினெட்டு வரை ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதில் ஆனி முகூர்த்தங்கள் சில குறுக்கிட்டாலும், ஆடி பிறந்துவிட்டால் கல்யாண அழைப்புகள் அடியோடு நின்றுபோகின்றன. ஆடியில் விவாகம் செய்வதில்லை என்று பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த வழக்கத்துக்குக் காரணங்கள் பல கூறப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும், கோடையின் நிலுவைகளைத் தீர்த்துக்கொள்ள அதைவிடச் சௌகரியமான மாதம் வருஷத்தில் வேறில்லை. ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அனைத்தையும் முடித்துவிட வேண்டும் என்று புறப்பட்டு, மாலைக்குள் இடுப்பொடிந்து, பாதியில் நிறுத்திய வேலைகளை நடுக்கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு தவிப்பதற்கு அவசியமே கிடையாது.

நிலுவைகளில் வட்டி ஏறும் கடனும் உண்டு, வட்டியில்லாக் கைமாற்றும் உண்டு. அலமாரிக்குள் கலைந்து கிடக்கும் துணிகள் இன்று கிடப்பது போலவே அடுத்த மாதமும் கிடக்கும். அவற்றால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நேர்வதில்லை. புழக்கடையில் விருந்தாளிகளுக்காக நிரப்பி வைத்து மறந்துபோன தண்ணீர்த் தொட்டியோ, ஒரு வாரத்தில் கொசுவை உற்பத்தி செய்து குழந்தைக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். இருந்தும், நம்மில் பெரும்பாலோர் அலமாரியிலிருந்தே ஆரம்பிக்கிறோம். கண்ணில் படுவதை முதலில் சீர்செய்யத் தோன்றுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தைச் சற்றே தடுத்து நிறுத்தி, நாளுக்கு நாள் வளரக்கூடியது எது என்று கேட்டு, அதில் முதலில் கை வைப்பதே இவ்விஷயத்தில் கைக்கொள்ளத்தக்க முறை.

அதற்கும் முன்பாக ஒரு காரியம் உண்டு. இரண்டு மாத காலம் மூன்று வேளையும் பந்தி பரிமாறி, இரவில் எல்லோரும் படுத்த பின் அடுப்படியைக் கழுவி, விடியுமுன் எழுந்து காபிக்குப் பால் காய்ச்சிய ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவருக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில், நிலுவைப் பட்டியலை எழுதத் தொடங்குமுன், ஒரு முழு நாள் அவர் ஒரு வேலையும் செய்யாமலிருக்க வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்பாடு செய்யவேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்று சமையல் ஒரு ரசத்தோடும் சுட்ட அப்பளத்தோடும் முடிந்துவிடலாம்; அதை ஆண்பிள்ளைகள் செய்யலாம்; பாத்திரம் துலக்குவதையும் அவர்களே செய்யலாம். களைத்துப்போன உடம்போடு போடப்படும் திட்டங்கள் யாவும் கோபத்தில் முடிகின்றன என்பது குடும்பங்களைப் பார்த்தவர்கள் அறிந்ததே.

இனி, தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் குழாயில் எப்போது வரும் என்ற நிச்சயமில்லாமையால், அண்டா, குடம், பிளாஸ்டிக் டிரம் என்று கிடைத்த பாத்திரங்களிலெல்லாம் பிடித்து வைக்கிறோம். வீட்டில் ஜனங்கள் குறைந்ததும் அவற்றில் பாதி உபயோகமின்றி நின்றுவிடுகின்றன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. இவ்வாறு தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. அது தன் முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான இடத்தில் ஒட்டி வைக்கிறது. கரிய தூசியைப் போல் தோன்றும் அம்முட்டைகள், தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம்மைக் கவிழ்த்து வைத்தாலும் அழிவதில்லை. பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, பின்பு மழை நீரோ குழாய் நீரோ மேலே பட்டதும் பொரிக்கின்றன. வெப்பமான நாட்களில் முட்டை பொரித்ததிலிருந்து கொசுவாய்ப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆதலால் நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தேங்காய் நாரும் சோப்புத்தூளும் கொண்டு பாத்திரத்தின் உட்சுவரை விளிம்பு வரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பிறகே எடுத்து வைக்கவேண்டும். குளிர்ப்பெட்டியின் பின்புறத்துத் தட்டு, காற்றுக் குளிர்விப்பானின் அடித்தொட்டி, பூந்தொட்டிகளின் கீழ்த்தட்டு, இளநீர் குடித்தெறிந்த கூடுகள், கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழி ஆகிய இடங்களையும் அன்றே பார்த்துவிட வேண்டும். இதன்பின் உபயோகத்திலிருக்கும் பாத்திரங்களை வாரம் ஒரு முறை இவ்வாறே தேய்த்துக் கழுவும் வழக்கம் நிலைத்துவிட்டால், ஐப்பசி மழை வரையில் இந்தக் கவலை கிடையாது.

கீழ்த்தொட்டி, மேல்தொட்டி இரண்டையும் சுத்தம் செய்வதற்கும் இதுவே காலம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிய வீடுகளில் அடியில் வண்டல் படிந்திருக்கும். கீழ்த்தொட்டியில் இறங்குவதற்கு முன் மோட்டாரின் மின்இணைப்பைத் துண்டித்து, மூடியை வெகுநேரம் திறந்து வைத்து உள்ளே காற்றோட்டம் ஏற்படச் செய்து, வெளியே ஒருவரை நிறுத்திய பிறகே இறங்கவேண்டும். நீண்ட நாள் மூடிக்கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்து, இறங்கியவரும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கழுவி நிரப்பிய பின், ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து உபயோகிக்கலாம்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக வளரும் நிலுவை, குழந்தைகளின் தூக்கம். விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்து, காலை ஒன்பது மணிக்கு எழுந்து பழகிய பிள்ளையை, பள்ளி திறக்கும் அன்று விடியற்காலை ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பினால், அது வகுப்பில் உறங்குவதும் வீட்டில் எரிந்து விழுவதும் இயல்பே. அதற்காக அதைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையில் உறக்கம் தேவை என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி முன்னே தள்ளுவது பலிக்காது. இரண்டு நாளைக்குக் கால் மணி வீதம் தள்ளிக்கொண்டு போனால், இரண்டு மூன்று வாரத்தில் பழைய கிரமம் கூடிவிடும். எழும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ராச்சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, அதன்பின் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் பெரியவர்களும் சேர்ந்து அணைத்தாலன்றி இது நடவாது. தாத்தாவோ பாட்டியோ வீட்டிலிருந்து கதை சொல்லத் தயாராயிருந்தால், அந்தக் குழந்தைகள் பாக்கியசாலிகள். பாடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளம் விடுவது முதலியவை இரண்டு மாலைகளில் முடிந்துபோகிற வேலைகள். அவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

வயதானவர்களின் உடம்பும் கோடையில் கிரமம் தப்பியிருக்கும். கல்யாண வீடுகளில் வேளை தவறி உண்டதும், மாத்திரைகளை ஊரில் மறந்து வைத்துவிட்டு வந்ததும், பங்கனப்பள்ளியில் தொடங்கி நீலம் வரையில் ஒரு மாம்பழத்தையும் விடாமல் சுவைத்ததும் வெளியே சொல்லப்படாமல் போனாலும், இரத்தத்தில் பதிவாகியிருக்கின்றன. வெறும் வயிற்றில் அன்றைய சர்க்கரையை மட்டும் அளப்பதைவிட, ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி என்ற பரிசோதனையை ஜூன் மாத இறுதியில் செய்துகொள்வது, கோடையின் விளைவு முழுவதையும் ஒரு முறையாய்ப் பார்த்துக்கொள்ள உதவும். பிரயாணப் பையில் வெயிலில் கிடந்த இன்சுலின் மருந்து பார்வைக்கு மாற்றமில்லாமல் இருந்தாலும் அதை நம்பிப் போட்டுக்கொள்ளாமல் புதிதாக வாங்கிவிடுவதே விவேகம்.

பண சம்பந்தமான நிலுவைகளில் பல சுலபமானவை. தேதியைப் பார்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது. மின்சாரக் கணக்கு நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், மொத்தம் 500 யூனிட்டைக் கடந்துவிட்டால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது என்பதும் பலரும் அறிந்தவை. குளிர்சாதனம் ஓடிய கோடைக் கணக்கு ஜூனிலோ ஜூலையிலோ வந்து சேரும் என்பதால், அதற்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கவேண்டும். சொத்து வரியின் முதல் அரையாண்டு செப்டம்பரோடு முடிகிறது; வருமான வரிக் கணக்கை மாதச் சம்பளக்காரர் வழக்கமாக ஜூலை 31-ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கவேண்டியிருக்கிறது. பால், பத்திரிகை, பூ, சலவை ஆகிய சில்லறைக் கணக்குகளில் நாம் ஊரில் இல்லாத நாட்களை இரு தரப்பாரும் மறந்துபோகுமுன் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. அவர்களுக்குச் சேரவேண்டியது இருந்தால் அதை ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

பண நிலுவைகளில் நிதானமாக உட்கார்ந்து செய்யவேண்டியது மொய்க் கணக்கு ஒன்றே. நம் வீட்டில் விசேஷம் நடந்திருந்தால், மண்டபத்திலிருந்து கொண்டுவந்த மொய் உறைகள் ஒரு பையில் கட்டுக் கட்டாய்க் கிடக்கும். ஒரு ரூபாய் நாணயம் முன்புறத்தில் ஒட்டியிருக்கும் அந்த உறைகளில், சிலவற்றில் பின்புறம் பெயர் இருக்கும், சிலவற்றில் உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும், சிலவற்றில் "அன்புடன்" என்பதற்கு மேல் ஒன்றும் இராது. அவசரக்காரர்கள் செய்வது போல் உறைகளை மளமளவென்று கிழித்து நோட்டுகளைத் தனியே அடுக்கிவிட்டால், எந்தத் தொகை எவருடையது என்பது பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாததாகிவிடும். ஒவ்வோர் உறையாக எடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு, தொகை என்று நோட்டில் எழுதிய பிறகே பணத்தை உறையிலிருந்து பிரிக்கவேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பது நம்மிடையே சகஜமாகையால், தகப்பனார் பெயரும் தெருவும் இல்லாத பதிவு பத்து வருஷம் கழித்து உபயோகப்படாது. பெயரில்லாத உறையை நினைவு பசுமையாயிருக்கும் முதல் வாரத்திலேயே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டிவிட்டால், கையெழுத்தை வைத்தே "இது நம் சின்ன அத்தை வீட்டார் எழுத்தல்லவா" என்று சொல்லிவிடுவார்கள்.

நாம் பிறர் வீட்டு விசேஷங்களில் எழுதிய மொய்யையும் அதே நோட்டின் மறுபக்கத்தில் ஏற்றவேண்டும். முன்பு அவர்கள் நமக்குச் செய்த தொகை எவ்வளவு, அதைத் திருப்பியதற்கு மேல் நாம் புதிதாகச் செய்தது எவ்வளவு என்ற இரண்டையும் பிரித்து எழுதினால்தான் கணக்கு விளங்கும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கங்களில், ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக ஒன்று வைத்து, கறிவிருந்திட்டு மொய் வாங்குவது வழக்கம். அப்பகுதியார் இந்தக் கணக்கை எத்துணை ஒழுங்கோடு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், வங்கிக் கணக்கும் அதற்கு அப்புறந்தான் என்று சொல்லத் தோன்றும். வட்டியோ பத்திரமோ இல்லாமல் ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவை ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கைமாறு செய்யவேண்டிய இடத்தில் மறந்துபோனோம் என்பது பணக்குறையைவிட மனக்குறைக்கே அதிக இடம் தருகிறது. ஆதலால் கோடை முடிந்த முதல் வாரத்திலேயே இந்த நோட்டை முடித்துவிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மனிதர்களிடம் பட்ட நிலுவைகள் வேறு சிலவும் உண்டு. நாம் கல்யாணத்திலும் பிரயாணத்திலும் இருந்த காலத்தில் தெரிந்தவர் வீட்டில் சாவு நேர்ந்து, காரியத்துக்கும் போகமுடியாமல் போயிருக்கும். நாள் கடக்கக் கடக்க, இனிமேல் எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் வளர்ந்து, கடைசியில் தெருவில் அவரைக் கண்டாலும் ஒதுங்கிப்போகும் நிலைமை வந்துவிடுகிறது. பதினாறாம் நாள் கழிந்துபோனால் என்ன? ஒரு மாலைப் பொழுதில் போய், சற்று நேரம் உடன் உட்கார்ந்து, போனவரைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரலாம். வரமுடியாமற்போன காரணங்களை விஸ்தாரமாய்ச் சொல்லத் தொடங்குவது மட்டும் கூடாது. துக்கத்திலிருப்பவரை நம் பிரயாணக் கதைக்குச் செவிசாய்க்கச் செய்வதாக அது முடியும். கூட்டம் கலைந்து, வீடு வெறிச்சென்றிருக்கும் இரண்டாம் மாதத்தில் வந்து உட்காருபவரை அவ்வீட்டார் நன்றியோடு நினைக்கிறார்கள். இதேபோல, நமக்கு இடங்கொடுத்து உபசரித்த உறவினருக்கு, ஊர் வந்து சேர்ந்த செய்தியை அன்றே சொல்லிவிட்டாலும், சாவகாசமாக ஒரு நாள் அந்த வீட்டு அம்மாளிடமே பேசி, அவர் செய்து போட்டதில் எதைக் குழந்தைகள் இன்னும் நினைத்துக் கேட்கிறார்கள் என்று சொல்வது, அவருக்கு எவ்வளவோ மகிழ்ச்சியைத் தரும்.

இவை இவ்வளவும் ஆன பிறகு, உக்கிராணத்துக்குள் நுழையலாம். சித்திரையில் பிழிந்து காயவைத்த வடாம் முழுவதும் காய்ந்துவிட்டது என்று நம்பி டப்பாவில் அடைத்திருப்போம். அதிலிருந்து ஒன்றை எடுத்து விரலால் ஒடித்துப் பார்க்கவேண்டும். டக்கென்று முறிந்தால் சரி, வளைந்து கொடுத்து முறிந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது என்று பொருள். ஆனி மாதத்தில் நல்ல வெயிலடிக்கும் ஒரு நாள் பார்த்து, வடாம், மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய் அனைத்தையும் மறுபடியும் ஒரு வெயில் காட்டி, சூடு முற்றும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்கவேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, காயவைத்த பலனே போய்விடும். இதை ஆடி பிறக்குமுன் செய்துவிடுவது உத்தமம். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் மாடியில் எதைப் பரப்பினாலும் மண்ணோடுதான் வாரி எடுக்க நேரும். ஊறுகாய் ஜாடிகளில், எண்ணெய் துண்டங்களுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றலாம். மேலே பூஞ்சை படர்ந்துவிட்ட ஊறுகாயை, மேலோடு வழித்தெடுத்துவிட்டு உபயோகிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது ஆரோக்கியத்துக்கு உகந்ததன்று. எத்தனை ஆசையாய்ப் போட்டதானாலும் கொட்டிவிட வேண்டியதே. விருந்தை உத்தேசித்து மொத்தமாய் வாங்கிய துவரம்பருப்பிலும் அரிசியிலும் மிஞ்சியதைப் புடைத்து வெயில் காட்டி, உலர்ந்த வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு சேராது.

பட்டுப் புடவைகள் வளரும் நிலுவையா வளராத நிலுவையா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவே வைக்கலாம். வைகாசி வெயிலில் மண்டபத்துக் கூட்டத்தில் உடுத்திய புடவையில் வியர்வை உப்பு ஊறியிருக்கும். அது நாளடைவில் பட்டின் நிறத்தையும் ஜரிகையின் ஒளியையும் மங்கச் செய்யும். உடுத்திக் களைந்ததும் நிழலில், காற்றாட, சில மணி நேரம் விரித்துப் போடுவதே முறை. நேர்வெயில் பட்டுக்கு ஆகாது. அது தவறியிருந்தால் இப்போது ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, முந்தானைக்கும் இடுப்புக்கும் நேரான இடங்களில் கறையிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கறையுள்ளவற்றை மட்டும் உலர்சலவைக்குக் கொடுக்கலாம். மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல், ஒரு சாண் தள்ளிப் புதிய மடிப்பாக மடிக்கவேண்டும். காஞ்சிப் பட்டின் ஜரிகை, பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாகையால், ஒரே இடத்தில் வருஷக்கணக்காய் மடிந்து கிடந்தால் அங்கேயே ஒடிந்து, துணியும் அந்தக் கோட்டில் இற்றுவிடுகிறது. நம் பாட்டிமாரின் புடவைகளில் பல இவ்விதமாகவே பாழாயின. அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படும்படி வைக்காமல், நன்றாய்த் துவைத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றில் புடவையைச் சுற்றி வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றிக்கொண்டிருந்தால், அது பேத்தியின் கல்யாணம் வரை நிற்கும்.

கொல்லையோ, அதற்கு வகையில்லாதவருக்கு மாடியில் நாலு தொட்டியோ இருந்தால், ஆடிப் பட்டத்தை நழுவ விடலாகாது. கோடையில் காய்ந்துபோன செடிகளைக் களைந்து, மண்ணைக் கொத்தி ஆறப்போட்டு, மக்கிய எருவைக் கலந்து வைத்துவிட்டால், வெண்டை, அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றை நேராகவும், கத்தரி, மிளகாயை நாற்றாகவும் போடலாம். கத்தரி நாற்றை ஏறத்தாழ ஐந்து வாரத்தில் பறித்து நடலாம். கீரை விதை தூவினால் ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால், குழந்தைகள் பொறுமையிழக்காமல் பார்த்துக்கொண்டிருக்க அது ஏற்றது.

சில நிலுவைகளைத் தீர்க்காமலே விட்டுவிடலாம். படிக்காமல் சேர்ந்துபோன வாராந்தரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றை முடித்துவிட்டுத்தான் புதிய இதழைப் பிரிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இரண்டையும் படிப்பதில்லை. பழையதில் தொடர்கதையை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். கைப்பேசியில் வந்து குவிந்த வாழ்த்துச் செய்திகளுக்கெல்லாம் இப்போது பதில் எழுதவேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிய புகைப்படங்களை வரிசைப்படுத்தும் முயற்சியிலும் இறங்கவேண்டாம்; அவற்றில் நல்லதாய்ப் பத்துப் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி, காகிதத்தில் அச்சிட்டு, ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டால் போதும். அவர் அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

ஆடிப் பெருக்குக்குள் இவை ஒருவாறு ஒழுங்குக்கு வந்துவிடும். அதன்பின், எல்லாம் நினைவிலிருக்கும்போதே, மொய் நோட்டின் கடைசிப் பக்கத்திலோ தனியாக ஒரு குறிப்புப் புத்தகத்திலோ, இந்தக் கோடையில் எத்தனை பேர் எத்தனை நாள் தங்கினார்கள், அரிசியும் எண்ணெயும் எவ்வளவு செலவாயின, எரிவாயு உருளை எத்தனை நாளைக்கு வந்தது, வடாத்துக்குப் போட்ட அரிசி எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு, பாயும் தலையணையும் எத்தனை குறைந்தன, லாரித் தண்ணீர் எந்தத் தேதியில் வாங்க நேர்ந்தது என்பனவற்றை எழுதி வைக்கவேண்டும். எந்த வேலை ஒருவர் தலையிலேயே விழுந்தது என்பதையும் அதில் மறைக்காமல் எழுதி, அடுத்த முறை அதை யார் ஏற்பது என்பதை எதிரிலேயே பெயரிட்டுக் குறித்துவிடலாம். பங்குனி முதல் வாரத்தில், விருந்தாளிகளின் முதற் கடிதமோ தொலைபேசி அழைப்போ வருவதற்கு முன், அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும்படி நாள்காட்டியில் இப்போதே ஒரு குறி போட்டு வைக்கவும்.